கர்னலைக் கவிழ்ப்பது எப்படி? வடசென்னை வீடுகளுக்கான செயல்முறைக் கையேடு

வீட்டுக்கு வீடு ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. வடசென்னையில் அது பெரும்பாலும் அரசாங்கம் கொடுத்ததாக இருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்து சேர்த்தது. தொடக்கத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007-இல் வெளியிட்ட உள்நாட்டுச் சரக்கு அது. ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் விண்டோஸைத் தட்டிவிட்டு சினிமா பார்த்தார்கள்.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. விண்டோஸுக்கு மூச்சு வாங்குகிறது. பெட்டியைத் தூக்கிப்போட மனசு வராமல் இருந்தபோது, தெருவில் ஒரு புண்ணியவான் வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டான். எல்லாம் ஓடுகிறது, வை-ஃபை மட்டும் வரவில்லை. வை-ஃபை வந்தால் சத்தம் வரவில்லை. இரண்டும் வந்தால் பிரிண்டர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

இந்த நிலையில் ஒரு சாதாரண மனிதர் அரை மணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதைத் தடுத்து, ஞாயிற்றுக்கிழமையை முழுதாகவும் திங்கட்கிழமையைப் பாதியாகவும் காவு கொடுக்கும் வழிமுறைகள் கீழே தரப்பட்டுள்ளன. வரிசை மாறாமல் செய்யவும்.

தேவையானவை

லினக்ஸ் போட்ட கணினி ஒன்று. ரூட் பாஸ்வேர்டு, கட்டாயம். அதிகாரம் இல்லாமல் பெரிய நாசம் எதையும் செய்ய முடியாது. எங்கிருந்தோ காப்பி எடுத்த கட்டளைகள், வேண்டிய அளவு. ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்கிற மச்சான் ஒருவர். பேக்கப் தேவையில்லை.

எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கணினியின் சாமான்களுக்கும் நீங்கள் ஓட்டும் மென்பொருளுக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து செய்வது கர்னல். 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்த லினக்ஸ் கர்னல், இன்று 3 கோடி வரிகளைத் தாண்டி நிற்கிறது. அதில் பெரும்பங்கு, ஒவ்வொரு சாமானையும் பேச வைக்கும் டிரைவர்கள்தான். அத்தனையையும் ஒரே கணினியில் ஏற்றி வைப்பதில் பொருளில்லை என்பதால், பெரும்பாலானவை மாட்யூல்களாகத் தனித்தனிக் கோப்புகளில் தூங்கிக்கொண்டிருக்கும். கப்பல் கரைக்கு வந்த பிறகுதான் அந்தச் சரக்குக்கு ஏற்ற கிரேன்காரரைக் கூப்பிடுவார்கள் அல்லவா, அதே ஏற்பாடு. பொருளைச் செருகினால் அதற்குரிய மாட்யூல் எழுந்து வரும்.

கர்னலைக் கட்டும்போது ஒவ்வொரு டிரைவருக்கும் பொதுவாக மூன்று விடைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘ஒய்’ என்றால் கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். ‘எம்’ என்றால் மாட்யூலாக வெளியே இருக்கும். ‘என்’ என்றால் கிடையவே கிடையாது. இந்த விடைகள் எல்லாம் எழுதப்பட்ட கோப்புதான் கான்ஃபிக்.

ஒரு பொருள் வேலை செய்யாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் ஐந்துக்குள் அடங்கிவிடும். பொருளே பழுதாகியிருக்கும். டிரைவர் இருக்காது. டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் இருக்காது. ஒரே பொருளுக்கு இரண்டு டிரைவர்கள் அடித்துக்கொள்ளும். அல்லது மாட்யூல் ஒரு வெர்ஷனிலும் கர்னல் வேறொரு வெர்ஷனிலும் இருக்கும். இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. ஆகவே அது தெரியாமல் பார்த்துக்கொள்வதே நம் முதல் கடமை.

படி 1: எதையும் படிக்காதீர்கள்

கர்னலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நடந்ததை எல்லாம் எழுதி வைத்துவிடும். டெர்மினலில் ‘டிமெசேஜ்’ கட்டளையைக் கொடுத்தால் அத்தனையும் கொட்டும். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் சதுர அடைப்புக்குள் ஒரு எண் இருக்கும்; கணினி எழுந்து எத்தனையாவது விநாடியில் அது நடந்தது என்பதற்கான கணக்கு அது.

சில அவசரக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இதே கட்டளையைக் காத்திருக்கும் நிலையில் ஓடவிட்டுவிட்டு யூஎஸ்பி வை-ஃபை டாங்கிளைச் செருகுகிறார்கள். உடனே திரையில் நாலைந்து வரிகள் விழுகின்றன. வந்தது என்ன பொருள், தயாரித்தவரின் எண் என்ன, எந்த டிரைவர் அதைக் கையில் எடுத்தது, எடுத்த பிறகு எங்கே இடறியது, எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஒரு வரிகூட விழவில்லை என்றால் அந்தப் பொருள் வந்ததே கர்னலுக்குத் தெரியாது. கேபிளையும் போர்ட்டையும் பார்க்க வேண்டுமே தவிர டிரைவரைத் தேடிப் பயனில்லை. இப்படிப் பதிலைக் கையில் கொடுத்துவிட்டால் மனுஷனுக்குப் பொழுது எப்படிப் போகும்? அந்த ஜன்னலை மூடிவிடுங்கள்.

படித்தே தீருவேன் என்று அடம் பிடிப்பவர்கள், கணினி எழும் நேரத்தில் வரும் ‘ஏசிபிஐ எரர்’ வரிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடும் லேப்டாப்களிலும் அவை இருக்கும். பல நேரங்களில் பயாஸ் எழுதியவரின் கைங்கரியம். சத்தம் வராததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. சிவப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் துரத்தினால் மதியச் சாப்பாடு வரை தாராளமாகத் தாங்கும்.

படி 2: உப்புக்கும் சாம்பலுக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்று நம்புங்கள்

இந்தப் படி வடசென்னைக்கென்றே எழுதப்பட்டது. அண்ணாநகர்க்காரர்கள் தாண்டிப் போகலாம்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எல்லாம் கடலை ஒட்டிய ஊர்கள். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. நிலக்கரித் தூள் ராயபுரத்து மொட்டை மாடிகளைக் கறுப்பாக்குகிறது என்று மக்கள் போராடி, உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. தூள் அங்கே இருப்பவர்கள் தலையில் விழுந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும், அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சாம்பலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வாசலில் போட்ட நாற்காலியில் விரலை வைத்து இழுத்தால் கோடு விழுகிற இடத்தில், லேப்டாப்பின் ஃபேன் மட்டும் எந்தக் காற்றை உள்ளே இழுக்கும்?

யூஎஸ்பி போர்ட்டுக்குள் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். நாலு பித்தளை நாக்குகளில் ஒன்றில் லேசாகப் பச்சை பூத்திருக்கும். அதில் பென்டிரைவைச் செருகினால் கர்னல் ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71’ என்று எழுதும். பேச்சு வார்த்தை பாதியில் அறுந்துபோனது என்பதற்கான எண் அது. -110 என்று வந்தால், கூப்பிட்டும் பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். இரண்டுமே பெரும்பாலும் கேபிள், போர்ட், மின்சாரம் ஆகியவற்றின் குற்றம். வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகவே வேறு போர்ட்டில் செருகிவிடாதீர்கள். அதே போர்ட், அதே கேபிள், புதுப்புது டிரைவர் என்று போய்க்கொண்டே இருங்கள்.

கணினி அடிக்கடி காரணமில்லாமல் உறைந்துபோய், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாட்யூலின் பெயரைச் சொல்லி விழுந்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் பேட்டரியைக் கழற்றுவார். பிறகு ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்க நிறப் பற்களை மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவார். அதற்கப்புறமும் அடங்காவிட்டால் மெம்டெஸ்ட் என்ற சோதனையை ஒரு ராத்திரி ஓடவிடுவார். அஞ்சு ரூபாய் ரப்பரில் தீர்கிற பிரச்சினை என்றால் நம் கௌரவம் என்ன ஆவது? கர்னல் வெர்ஷன்தான் சரியில்லை என்று அடித்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் மச்சான் ஆமாம் என்பார்.

படி 3: டிரைவரையும் ஃபர்ம்வேரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளுங்கள்

டிரைவர் கர்னலுக்குள் ஓடுவது. ஃபர்ம்வேர் அந்த வை-ஃபை சிப்புக்குள்ளேயே ஓடுவது. ஒவ்வொரு முறையும் கணினி எழும்போது டிரைவர் அதை எடுத்துச் சிப்புக்கு ஊட்ட வேண்டும். டிரைவர் இருந்து ஃபர்ம்வேர் இல்லையென்றால் கர்னல் ‘ஃபர்ம்வேர் லோடு ஃபெயில்டு, எரர் -2’ என்று எழுதி, எந்தக் கோப்பைத் தேடியது என்பதையும் பெயரோடு சொல்லும். -2 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை. அந்தப் பெயருள்ள ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் கதை முடிந்தது.

டெபியன்காரர்கள் சுதந்திரமற்ற ஃபர்ம்வேரை நிறுவும் தட்டிலேயே சேர்க்க மாட்டோம் என்று வெகுகாலம் கொள்கையோடு இருந்தார்கள். 2022-இல் ஓட்டெடுத்து மனம் மாறி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து சேர்த்துவிட்டார்கள். அதனால் உங்கள் பொழுதை வீணாக்க விரும்பினால் பழைய பதிப்பின் தட்டையே தேடிப் பிடியுங்கள். அதில்தான் அந்த அருமையான சுழல் கிடைக்கும்: வை-ஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர வை-ஃபை வேண்டும்.

கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங்கைத் தட்டினால், பெரும்பாலும் கர்னல் அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொண்டு இணையத்தைக் கொடுத்துவிடும். இந்த ரகசியம் வெளியே தெரிய வேண்டாம்.

இன்னொரு ரகசியம் ‘ஆர்எஃப்கில்’. எல்லா டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒழுங்காக இருந்து, லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி ஸ்விட்ச் அணைந்திருந்தால், இந்தக் கட்டளை ‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்று காட்டும். விரல் நகத்தால் ஸ்விட்சைத் தள்ள வேண்டியதுதான். அதற்கு முன் மூன்று மணி நேரமாவது டிரைவரைக் கட்டியிருந்தால்தான் அந்தத் தருணத்தின் முழுச் சுவை தெரியும்.

படி 4: பார்த்ததை எல்லாம் பிளாக்லிஸ்ட் செய்யுங்கள்

மாட்யூல் தானாக ஏறாமல் தடுப்பதற்கு மாட்ப்ரோப் அடைவில் ‘பிளாக்லிஸ்ட்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். இதைக் கற்றுக்கொண்டவர் கையில் அருவாள் கிடைத்த மாதிரி.

இதற்கு நல்ல சோதனைக் களம் கேனன் எல்பிபி 2900 லேசர் பிரிண்டர். நம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும் ஆன்லைன் சென்டர்களிலும் சாம்பல் நிறத்தில், மேலே ஒரு துணி போர்த்தி உட்கார்ந்திருக்குமே, அதே ஆசாமி. கடை மாற்றும்போது செகண்ட் ஹேண்டில் விற்பார்கள். வாங்கி வந்து லினக்ஸில் மாட்டுவோம். அப்போது யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “யூஎஸ்பிஎல்பி மாட்யூலைத் தூக்கிருண்ணா, அதான் பிரிண்டிங் சிஸ்டத்தோட சண்டை போடுது.”

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. கப்ஸ் என்கிற அச்சு அமைப்பு யூஎஸ்பி பிரிண்டர்களோடு நேரடியாகப் பேசும். நடுவில் யூஎஸ்பிஎல்பி வந்து பொருளைப் பிடித்துக்கொண்டதால் சில பிரிண்டர்கள் தகராறு செய்ததுண்டு. ஆனால் கேனனின் இந்த மாடலுக்கு அந்த நிறுவனம் கொடுத்த கேப்ட் டிரைவர், யூஎஸ்பிஎல்பி திறந்து வைக்கும் ‘எல்பி0’ என்ற வாசல் வழியாகத்தான் பிரிண்டரை அடையும். வாசலை அடைத்துவிட்டு உள்ளே வா என்றால் எப்படி வரும்? வேறொரு பிரிண்டருக்கு எழுதிய மருந்தை இதற்குக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரும் நிற்கும்.

நமக்கு வேண்டியது அதுதான். பிளாக்லிஸ்ட் செய்யுங்கள். பிறகு டிரைவரை ஏழெட்டு முறை நீக்கி நிறுவுங்கள். பிளாக்லிஸ்ட் எழுதிய கோப்பின் பெயரை மறந்துவிடுங்கள். அடுத்த வருடம் வேறொரு பிரிண்டர் வாங்கும்போது அது உதவும்.

பக்கத்தில் ஹெச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர் சிரித்தால், அவர் பிரிண்டரின் ஸ்விட்சை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். மின்சாரம் போய் வந்ததும் தன் ஃபர்ம்வேரை முழுதாக மறந்துவிடுகிற ரகம் அது. கணினி மறுபடி ஊட்ட வேண்டும். கரன்ட் அடிக்கடி போகிற தெருவில் இரண்டு பிரிண்டர்க்காரர்களும் நண்பர்களாவது உறுதி.

படி 5: சிப் எது என்று கேட்காமல் டாங்கிள் வாங்குங்கள்

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெரு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை தாண்டி ரயில் நீண்ட பிறகு, திருவொற்றியூர்க்காரருக்கு இந்த விஷப்பரீட்சை மிகவும் சுலபமாகிவிட்டது.

கடையில் நடக்க வேண்டிய உரையாடல் இது:

“அண்ணே, இது லினக்ஸ்ல ஓடுமா?”

“இன்னாபா இப்டி கேட்டுட்ட, எல்லாத்துலயும் ஓடும். ப்ளக் அண்ட் ப்ளே.”

அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் ரியல்டெக் சிப்பா, மீடியாடெக் சிப்பா, அதன் எண் என்ன என்று கேட்கவே கூடாது. ஒரே பெயரில், ஒரே பெட்டியில், மூன்றாவது பதிப்பு நான்காவது பதிப்பு என்று உள்ளே சிப் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து ‘எல்எஸ்யூஎஸ்பி’ அடித்தால் இரண்டு எண்கள் தெரியும். முதலாவது தயாரிப்பாளர், இரண்டாவது பொருள். அந்த ஜோடியை வைத்துத்தான் கர்னல் டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது. பெட்டியின் மேல் போட்ட படத்தைப் பார்த்து அல்ல.

சில டாங்கிள்கள் முதலில் தங்களை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்து வரும் தந்திரம் அது. பழைய டேட்டா கார்டு வைத்திருந்தவர்களுக்கு இந்த நாடகம் நன்றாகத் தெரியும். ‘யூஎஸ்பி மோடுஸ்விட்ச்’ என்ற கருவி அதன் வேஷத்தைக் கலைக்கும். அது தெரியாதவரை, ‘வை-ஃபை வாங்கினேன், சிடி கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரரோடு போனில் சண்டை போடலாம்.

கர்னலுக்குள் இல்லாத டிரைவரை வெளியிலிருந்து இறக்கிக் கட்டினால் இன்னும் சிறப்பு. மாட்யூல் எந்தக் கர்னலுக்காகக் கட்டப்பட்டதோ அதில்தான் ஏறும். அடுத்த வாரம் அப்டேட் வந்து கர்னல் மாறியதும் ‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்’ என்று துப்பிவிடும், அல்லது புதுக் கர்னலின் அடைவில் அந்த மாட்யூலே இருக்காது. டிகேஎம்எஸ் முறையில் நிறுவியிருந்தால் கர்னல் மாறும்போதெல்லாம் தானாகவே மறுபடி கட்டிக்கொள்ளும். அதனால் அதைத் தவிர்க்கவும்.

செக்யூர் பூட் இயங்கும் புதிய கணினி என்றால் கூடுதல் போனஸ் உண்டு. நீங்கள் கட்டிய மாட்யூலுக்குக் கையெழுத்து இல்லை என்று கர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும். கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்ய, ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத் திரை வந்து ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லி 10 விநாடி காத்திருக்கும். அந்தப் பத்து விநாடியில் டீ எடுக்கப் போய்விட வேண்டும்.

தயாரிப்பாளர்கள் ஒழுங்காக ஒத்துழைத்தால் இந்தப் பாடெல்லாம் இல்லைதான். 2012-இல் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் என்விடியா பற்றிக் கேள்வி வந்தபோது டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது இந்தக் கடுப்பில்தான். பத்து வருடம் கழித்து, 2022-இல், அந்த நிறுவனம் தன் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்துவிட்டது. நம்ம ஊர்ப் பெரிசுகள் காசிமேட்டில் பேசுகிற பாணியும் சில இடங்களில் வேலைக்காகிறது.

படி 6: சொந்தமாக ஒரு கர்னல் கட்டுங்கள்

ஒரு டாங்கிள் வேலை செய்யவில்லை என்பதற்காக முழுக் கர்னலையும் புதிதாகக் கட்டுவது வீரர்களுக்கு அழகு.

‘மேக் மெனுகான்ஃபிக்’ என்று அடித்தால் நீலத்திரையில் மெனு விரியும். பல ஆயிரம் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ‘என்னவென்று தெரியாவிட்டால் என் போடு’, ‘சந்தேகமிருந்தால் ஒய் போடு’ என்று உதவிக் குறிப்பு இருக்கும். அதையெல்லாம் படிக்கக் கூடாது. ‘இது எனக்கு எதற்கு?’ என்று தோன்றியதை எல்லாம் எடுத்துவிடுங்கள். குறிப்பாக, ஹார்டு டிஸ்க்கைப் பேச வைக்கும் டிரைவரையும் அதிலுள்ள ஃபைல் சிஸ்டத்தின் டிரைவரையும் ‘எம்’ ஆக்கிவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஆரம்பப் பையைக் கட்டாமல் விட்டுவிடுங்கள். டிஸ்க்கைத் திறக்க வேண்டிய மாட்யூல் அந்த டிஸ்க்குக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். கணினி எழுந்ததும், ரூட்டை ஏற்ற முடியவில்லை, ‘அன்நோன் பிளாக் 0,0’ என்று சொல்லி கர்னல் பேனிக்கில் விழும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கத் தகுந்த திரை.

அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ பயன்படுத்தலாம். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களைக் கழித்துவிடும் கட்டளை அது. கட்டும் நேரம் பெருமளவு குறையும். இதை அடிப்பதற்கு முன் பிரிண்டர், வெப்கேம், பென்டிரைவ், புளூடூத் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றி வைத்தவை புதிய கர்னலின் பார்வையில் பிறக்கவே இல்லை.

நேரம் முக்கியம். அக்னி நட்சத்திரத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் லேப்டாப்பை வைத்துக் கட்ட ஆரம்பிக்கவும். பத்து வருடச் சாம்பல் அடைத்த ஃபேன் கத்தும். ‘கோர் டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்டு’ என்று கர்னல் எழுதிவிட்டு, உயிர் பிழைக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேனைத் திறந்து தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தால் வேகம் திரும்பிவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். முக்கால்வாசி முடியும்போது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்கைச் செய்யும்.

படி 7: திரும்பி வரும் வழியை அடைத்துவிடுங்கள்

புதிய கர்னல் சரிவராவிட்டால் கணினி எழும்போது கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். மெனு தெரியாவிட்டால் பழைய பயாஸில் ஷிஃப்ட்டையும் புதியவற்றில் எஸ்கேப்பையும் அழுத்தினால் எட்டிப் பார்க்கும். நேற்று ஓடிய கர்னல் இன்றும் ஓடும். இன்றைக்கு ஓடாதது எது என்று அதில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுவைக்கலாமா? ‘இடம் அடைக்கிறது’ என்று காரணம் சொல்லி, புதியதை ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்கும் முன்பே பழைய கர்னல்களை எல்லாம் அழித்துவிடுங்கள்.

அழிக்கவே மாட்டேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பூட் பகுதியைச் சின்னதாகப் பிரித்து வைத்திருந்தால், பழைய கர்னல்கள் சேர்ந்து அது நிரம்பி, அடுத்த கர்னலின் ஆரம்பப் பை பாதியில் அறுந்து நிற்கும். இரண்டு பக்கமும் வசதி.

படி 8: ஒரே மூச்சில் ஐந்து மாற்றம்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்து பார்க்கிறவருக்கு எது வேலை செய்தது என்று தெரிந்துபோகும். ஆகவே பிளாக்லிஸ்ட், ஃபர்ம்வேர், பயாஸ் செட்டிங், புது டாங்கிள், புதுக் கர்னல் எல்லாவற்றையும் ஒரே ரீஸ்டார்ட்டில் செய்யுங்கள். சரியானால் ஏன் சரியானது என்று தெரியாது. மோசமானால் ஏன் மோசமானது என்று தெரியாது. எதையும் நோட்டில் எழுதாதீர்கள்.

படி 9: உதவி கேட்கும் முறை

“அண்ணா, நெட் வரல.” இவ்வளவுதான் செய்தி. என்ன கணினி, எந்தக் கர்னல் என்று ‘யூநேம்’ சொல்வதையோ, எல்எஸ்யூஎஸ்பி காட்டிய எண்ணையோ, டிமெசேஜின் கடைசி இருபது வரிகளையோ அனுப்பவே கூடாது. அனுப்பினால் எதிராளி ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். சென்னையில் 1998-லிருந்து இயங்கும் லினக்ஸ் பயனர் குழுவில் இப்படிப் பதில் சொல்லிப் பழகியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். தமிழிலேயே கணியம் இதழ் 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. கவனமாக இருக்கவும்.

இத்தனைக்குப் பிறகும் கணினி பிடிவாதமாக ஓடினால், கடைசி ஆயுதத்தைத் தெரு முனையிலேயே வைத்திருக்கிறார்கள். “ஃபார்மேட் அடிச்சிரலாம்ணா. புதுசா போட்டா எல்லாம் சரியாப்பூடும்.” வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு ஸ்கேன், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்பதை ஃபார்மேட் 80 சதவீதம் முடிந்த பிறகு நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கேலி இல்லாமல்

மேலே சொன்ன ஒன்பதையும் தலைகீழாகச் செய்தால் போதும். வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், தூசியைத் தட்டுங்கள். கர்னல் எழுதியதைப் படியுங்கள். பொருளின் எண்ணைக் குறித்துக்கொண்டு டிரைவரா ஃபர்ம்வேரா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். ஓடுகிற பழைய கர்னலையும் முக்கியமான கோப்புகளின் நகலையும் தொடாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் உப்பையும் சாம்பலையும் தின்றுவிட்டு இன்னும் எழுந்து நிற்கிற பெட்டி அது. ஒரு பிள்ளை படிக்க இன்னும் சில வருடம் உழைக்கும். தூக்கி எறிவதற்கு முன், ஒரே ஒரு முறை டிமெசேஜைப் படித்துவிடுங்கள்.